எந்த எழுத்துக் காமாலை? கர்ப்ப காலத்தில் கல்லீரல் வைரஸ்கள் செய்வது என்ன

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து தாமிரபரணியில் கலங்கல் தெளியும் நாட்களில், நெல்லைச் சீமையில் "அங்க காமாலையாம், இங்க காமாலையாம்" என்ற பேச்சு கிளம்பும். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அந்தப் பேச்சு வயிற்றைக் கலக்கும். ஆனால் பயம் பெரும்பாலும் தவறான இடத்தில்தான் போய் உட்கார்கிறது.

இரண்டு வீடுகளை எடுத்துக்கொள்வோம். முதல் வீட்டில் எட்டு மாதக் கர்ப்பிணிக்குக் கண் மஞ்சளாகிவிட்டது, சோறு இறங்கவில்லை, வாந்தி. வீட்டார் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்து, உப்பில்லாப் பத்தியம் போட்டு, ஒரு வாரம் பார்ப்போம் என்கிறார்கள். இரண்டாவது வீட்டுப் பெண்ணுக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் வழக்கமான ரத்தப் பரிசோதனை செய்தபோது மஞ்சள் காமாலைக் கிருமி இருப்பதாக வந்துவிட்டது. அவளுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர், வீட்டில் அழுகை.

முதல் வீட்டுப் பெண் அன்றைக்கே மருத்துவமனையில் சேர வேண்டியவள். இரண்டாவது வீட்டுப் பெண் நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்கலாம். அவளுக்கு வேண்டியது பிரசவ நாளுக்கான ஒரு திட்டம். இரண்டையும் "காமாலை" என்ற ஒரே சொல்லில் அழைப்பதால்தான் இந்தக் குழப்பம்.

காமாலை நோயின் பெயர் அல்ல

ரத்தச் சிவப்பணுக்கள் ஏறத்தாழ 120 நாள் வாழ்ந்து சிதைகின்றன. அப்போது பிலிரூபின் என்ற மஞ்சள் நிறப் பொருள் உண்டாகிறது. கல்லீரல் அதைப் பிடித்துப் பித்தநீரில் சேர்த்து வெளியே தள்ளுகிறது. கல்லீரல் வீங்கி வேலை குன்றினால் பிலிரூபின் ரத்தத்தில் தேங்கும். கண்ணும் தோலும் மஞ்சளாகும், சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போகும். அதாவது மஞ்சள் ஓர் அடையாளம், அவ்வளவுதான். கல்லீரல் கெட்டிருந்தும் மஞ்சள் தெரியாமல் இருக்கலாம்.

கல்லீரல் அழற்சியை, அதாவது ஹெபடைட்டிஸை, உண்டாக்கும் முக்கிய வைரஸ்கள் ஐந்து. பரவும் வழியை வைத்துப் பிரித்தால் நினைவில் நிற்கும்.

1. தண்ணீர், உணவு வழியாக வருபவை: ஏ (A) வகையும் இ (E) வகையும். நோயாளியின் மலம் கலந்த நீரே மூலம். திடீரென்று வரும், பெரும்பாலும் தானாக ஆறிவிடும்.

2. ரத்தம், உடலுறவு, பிரசவம் வழியாக வருபவை: பி, சி, டி. இவை ஆண்டுக்கணக்கில் சத்தமில்லாமல் உடலில் தங்கக்கூடியவை.

கர்ப்பிணிக்குக் கண் மஞ்சளாவது எல்லாமே வைரஸால் அல்ல. வயலில் தண்ணீர் நிற்கும் காலத்தில் எலிக்காய்ச்சல் வரும். உள்ளங்கையும் உள்ளங்காலும் ராத்திரியில் தாங்க முடியாமல் அரிப்பெடுத்தால், அது கர்ப்பத்தில் பித்தநீர் தேங்கும் கோளாறாக இருக்கலாம். கடைசி மாதங்களில் ரத்தக்கொதிப்போடு சேர்ந்து கல்லீரல் பழுதாவதும் உண்டு, கல்லீரலில் திடீரெனக் கொழுப்பு சேர்ந்து அது செயலிழப்பதும் உண்டு. இந்த இரண்டிலும் குழந்தையை உடனே வெளியே எடுப்பதே தாய்க்கு வைத்தியம். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே மஞ்சள். ரத்தப் பரிசோதனை இல்லாமல் யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

இ வகை: தாயின் உயிரைக் குறிவைப்பது

1955 கடைசியில் தில்லியில் யமுனை வெள்ளம் வடிந்தபோது ஆறு தடம் மாறி, நகரின் குடிநீர் எடுக்கும் இடத்துக்குச் சாக்கடை நீர் வந்து சேர்ந்தது. அடுத்த சில வாரங்களில் சுமார் 29,000 பேருக்குக் காமாலை கண்டது. மற்றவர்கள் பெரும்பாலும் தேறிவிட, கர்ப்பிணிகள் அதிகமாக இறந்தார்கள். அதைப் பல ஆண்டுகள் ஏ வகை என்றே நினைத்திருந்தார்கள். சேமித்து வைத்த ரத்தத்தைப் பிற்பாடு சோதித்தபோது ஏ வகை அல்ல என்று தெரிந்தது. 1978இல் காஷ்மீரில் பரவிய காமாலையை ஆராய்ந்த மருத்துவர் முகம்மது சுல்தான் குரூவும் இது புதிய கிருமி என்று சொன்னார். 1983இல் சோவியத் விஞ்ஞானி மிகயில் பலயான், நோயுற்ற படைவீரர்களின் மலச் சாற்றைத் தாமே குடித்து நோய் வரவழைத்துக்கொண்டு, நுண்ணோக்கியில் அந்த வைரஸைக் கண்டார். அதுதான் இ வகை.

கர்ப்பிணி அல்லாதவர்களில் இ வகை கண்டு இறப்பவர்கள் நூற்றில் ஓரிருவர். கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில் அதே கிருமி வந்தால் நூற்றில் 20 முதல் 25 பேர் வரை இறக்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கர்ப்ப கால ஹார்மோன்களும், கருவை ஏற்றுக்கொள்வதற்காக உடலின் எதிர்ப்பு முறை மாறுவதும் இதற்குக் காரணமாகச் சொல்லப்படுகின்றன. கருவும் தப்புவதில்லை. குறைமாதப் பிரசவம், வயிற்றிலேயே இறப்பு, பிறந்த குழந்தைக்கும் தொற்று என மூன்றுக்கும் வாய்ப்பு உண்டு.

இங்கே ஒன்றை நிதானமாகப் பார்க்க வேண்டும். ரிப்போர்ட் வந்ததும் எல்லாரும் கேட்பது "பிலிரூபின் எத்தனை?" என்றுதான். பத்து என்றால் பதறுவார்கள், நான்கு என்றால் ஆறுதல் கொள்வார்கள். ஆபத்தைச் சொல்லும் எண் அதுவல்ல. ரத்தம் உறைய வேண்டிய புரதங்களைச் செய்வது கல்லீரல். கல்லீரல் தளர்ந்தால் முதலில் குறைவது அவைதான். அதை அளக்கும் சோதனை பி.டி., ஐ.என்.ஆர். என்று ரிப்போர்ட்டில் இருக்கும். ஐ.என்.ஆர். வழக்கமாக 1ஐ ஒட்டி இருக்கும். அது 1.5ஐத் தாண்டினால் கல்லீரல் தன் வேலையைக் கைவிடத் தொடங்கிவிட்டது என்று பொருள். பிரசவம் என்பது ரத்தம் உறைந்தே ஆக வேண்டிய நேரம். அந்த நேரத்தில் உறையும் சக்தி இல்லாவிட்டால் பெருக்கு நிற்காது. இ வகையில் தாய் இறப்பதற்கு இது ஒரு பெரிய வழி.

இன்னொரு வழி மூளை. கல்லீரல் சுத்தம் செய்யாத நச்சு மூளைக்குப் போகிறது. அடையாளம் முதலில் சின்னதாகத்தான் இருக்கும். பகலெல்லாம் தூக்கம், ராத்திரி விழிப்பு. கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில். கை நடுக்கம். "அசதியில தூங்குதா, எழுப்பாத" என்று வீட்டில் விட்டுவிடும் கட்டம் இது. கண் மஞ்சளாக உள்ள கர்ப்பிணி பகலில் அளவுக்கு மீறித் தூங்கினால் அது அசதி அல்ல, 108க்கு அழைக்க வேண்டிய நேரம். வாந்தி நிற்காவிட்டாலும், பல் ஈறில் ரத்தம் கசிந்தாலும், குழந்தை துடிப்பு குறைந்தாலும் அதே அவசரம்தான்.

இ வகைக்கென்று கர்ப்பிணிக்குக் கொடுக்கும் மருந்து கிடையாது. ரிபாவிரின் என்ற மருந்து கருவைப் பாதிக்கும், அதனால் கொடுக்கக்கூடாது. ஆனாலும் மருத்துவமனையில் செய்வதற்கு நிறைய இருக்கிறது. சர்க்கரை இறங்காமல் பார்ப்பது, உறையவைக்கும் பிளாஸ்மா ஏற்றுவது, மூளை வீங்காமல் காப்பது, ரத்தம் தயாராக வைத்துப் பிரசவம் பார்ப்பது. இவ்வளவும் ஒரே கூரையின் கீழ் வேண்டும். பாளையங்கோட்டை ஐகிரவுண்டில் உள்ள திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய இடத்துக்கு நடையும் பேச்சும் தெளிவாக இருக்கும்போதே போய்ச் சேர வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

தண்ணீர் எப்படிக் கெடுகிறது

நெல்லைக்குக் குடிநீர் தாமிரபரணிப் படுகையின் உறைகிணறுகளிலிருந்து வருகிறது. மணல் வடிகட்டிய நீர், குளோரின் கலந்து அனுப்பப்படுகிறது. கோளாறு பெரும்பாலும் அதற்குப் பிறகு, தெருவுக்கு அடியில் நடக்கிறது.

1. தண்ணீர் நாள் முழுக்க வருவதில்லை. முறை வைத்து விடுகிறார்கள். விடாத நேரத்தில் குழாயில் அழுத்தம் இருக்காது.

2. குடிநீர்க் குழாய் பல தெருக்களில் வாறுகாலை, அதாவது சாக்கடையை, ஒட்டியோ அதைக் கடந்தோ போகிறது. இணைப்பில் மயிரிழை விரிசல் இருந்தாலும், அழுத்தம் இல்லாத நேரத்தில் வெளிநீர் உள்ளே கசியும்.

3. குழாயிலேயே நேராக மோட்டாரைப் போட்டு உறிஞ்சும் வழக்கம் இருக்கிறதே, அது இந்தக் கசிவை இழுவையாக மாற்றுகிறது. மோட்டார் தண்ணீரை மட்டும் இழுப்பதில்லை. விரிசலுக்கு வெளியே என்ன நின்றாலும் அதையும் இழுக்கிறது. அந்த அழுக்கு மோட்டார் வைத்த வீட்டுக்கு மட்டும் போகாது, அதே குழாயில் உள்ள மற்ற வீடுகளுக்கும் போகும்.

முறைத் தண்ணீர் திறந்ததும் முதலில் வரும் ஒன்றிரண்டு குடம் கலங்கலாகவோ லேசான வாடையுடனோ வருவதைப் பெண்கள் அறிவார்கள். அந்தத் தண்ணீரைக் குடிக்கப் பிடிக்கக்கூடாது. தெளிந்து வரும் தண்ணீரில் கிருமி இல்லை என்றும் சொல்ல முடியாது. கர்ப்பிணி குடிக்கும் நீர் தளதளவென்று கொதித்து, அதன் பிறகும் ஒரு நிமிடமாவது கொதிக்க வேண்டும். வெதுவெதுப்பாகச் சூடு காட்டினால் இந்த வைரஸ் சாகாது. செம்புப் பானையில் ஊற்றி வைப்பதும், துணியில் வடிகட்டுவதும், கொதித்த நீரோடு பச்சைத் தண்ணீரை "ஆத்துறதுக்கு" விளாவுவதும் கொதிக்க வைத்த பலனைத் தராது. ஐஸ் போட்ட ஜூஸுக்கும் இதே கணக்கு. கேன் தண்ணீர் என்பதாலேயே நம்பிவிடவும் முடியாது.

கிருமி உடலில் புகுந்து நோய் தெரிய 2 முதல் 10 வாரம் ஆகும், பெரும்பாலும் ஐந்தாறு வாரம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையைப் போல் ஒரு வெள்ளம் மார்கழியில் வந்தால், அப்போது குடித்த நீரின் விளைவு தை, மாசியில்தான் கண்ணில் தெரியும். வெள்ளம் வடிந்து எல்லாம் பழையபடி ஆனது போல் தோன்றும் அந்த மாதங்களில்தான் கவனம் வேண்டும். தெருவில் இரண்டு மூன்று பேருக்கு ஒரே சமயத்தில் காமாலை கண்டால் சுகாதார ஆய்வாளரிடம் சொல்லிவிட வேண்டும். விரிசலைக் கண்டுபிடிக்க அதுவே முதல் துப்பு.

இ வகைக்குத் தடுப்பூசி இருக்கிறது. சீனா 2011இல் ஒப்புதல் கொடுத்தது. நம் தடுப்பூசி அட்டவணையில் அது இல்லை. எனவே நம் கையில் இருப்பது தண்ணீரும் கை கழுவுவதும்தான்.

கீழாநெல்லி பற்றி

கீழாநெல்லியை அலட்சியமாகப் பேசி ஒதுக்குவது நியாயமாகாது. பி வகையைக் கண்டுபிடித்ததற்காக 1976இல் நோபல் பரிசு பெற்ற பரூக் பிளம்பெர்க்கே அதை ஆராய்ந்தவர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழுவினரும் அவரும் சேர்ந்து 1988இல் 'லான்செட்' இதழில் வெளியிட்ட ஆய்வில், கீழாநெல்லி இனச் செடியைச் சாப்பிட்ட பி வகைத் தொற்றாளர்கள் 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்திருந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பிற இடங்களில் செய்த ஆய்வுகளில் அந்தப் பலன் திரும்பக் கிடைக்கவில்லை.

ஏ வகைக் காமாலை எதைக் கொடுத்தாலும், ஒன்றும் கொடுக்காவிட்டாலும், சில வாரத்தில் ஆறும். இ வகையும் கர்ப்பிணி அல்லாத பெரும்பாலோருக்கு அப்படியே. அந்த ஆறுதலின் பெயர் மருந்துக்குப் போய்விடுகிறது. அதே நம்பிக்கையைக் கர்ப்பிணி மீது வைத்தால் ஒரு வாரம் போய்விடும். இ வகை தீவிரமாகும்போது அந்த ஒரு வாரம்தான் உயிர். பத்தியமும் கெடுதல். கல்லீரல் தளர்ந்தவளுக்குச் சர்க்கரை சட்டென இறங்கும். கஞ்சி, இட்லி, பழம், சோறு, மோர் என்று அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட வேண்டும். கண்ணில் சாறு விடுவது, கையில் சூடு போடுவது இரண்டும் புண்ணைத்தான் தரும்.

பி வகை: குழந்தையின் எதிர்காலத்தைக் குறிவைப்பது

சுகாதார நிலையத்தில் இப்படி ஒரு பேச்சு நடக்கும்.

"நர்சம்மா, அவ கண்ணுல மஞ்சளே இல்லையே. பொறவு எப்படிக் காமாலைனு சொல்லுதிய?"

"இது கண்ணுல தெரியுற காமாலை இல்லம்மா. ரத்தத்துல கெடக்குற கிருமி. ஒங்க மருமகளுக்கு இப்ப ஒண்ணுஞ் செய்யாது. பிள்ளைக்குப் போயிராமப் பாக்கணும், அதான் காரியம்."

நர்சம்மா சொன்னது முழுக்கச் சரி. விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பட்டையில் விட்டு, இரண்டு கோடு விழுகிறதா என்று பார்க்கும் அந்தச் சோதனையின் பெயர் எச்.பி.எஸ்.ஏ.ஜி. பழைய ரிப்போர்ட்டில் ஆஸ்திரேலியா ஆன்டிஜன் என்றும் இருக்கும். எச்.ஐ.வி., கிரந்தி சோதனைகளோடு இதையும் கர்ப்பிணிகளுக்குச் செய்கிறார்கள். இந்தியாவில் 2022ஆம் ஆண்டு நிலவரப்படி ஏறத்தாழ 2 கோடியே 98 லட்சம் பேர் பி வகையோடு வாழ்வதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. எனவே ஒரு பெண்ணுக்குப் பாசிட்டிவ் வருவது அவள் நடத்தையைப் பற்றிய சான்றிதழ் அல்ல. அவள் பிறந்தபோதே தன் தாயிடமிருந்து பெற்றிருக்கக்கூடும்.

பிறக்கும்போது தொற்றுவது ஏன் இவ்வளவு முக்கியம்? பெரியவருக்குப் பி வகை தொற்றினால் நூற்றில் 95 பேருக்கு மேல் தாமாகவே கிருமியை விரட்டிவிடுவார்கள். பச்சைக் குழந்தைக்குத் தொற்றினால் நூற்றில் 90 குழந்தைகளுக்கு அது ஆயுளுக்கும் தங்கிவிடும். குழந்தையின் உடல் அதை எதிரி என்று அடையாளம் காண்பதில்லை. சண்டை இல்லாததால் நோயும் தெரியாது. முப்பது, நாற்பது வயதில் கல்லீரல் சுருக்கமாகவோ புற்றுநோயாகவோ வெளிப்படக்கூடும்.

எதுவும் செய்யாவிட்டால் தாயிடமிருந்து குழந்தைக்குப் போகும் வாய்ப்பு, இன்னொரு சோதனையைப் பொறுத்தது. எச்.பி.ஈ.ஏ.ஜி. என்ற அதுவும் பாசிட்டிவ் என்றால் நூற்றுக்கு 70 முதல் 90. அது நெகட்டிவ் என்றால் 10 முதல் 40. இந்த எண்ணைக் கீழே கொண்டுவரும் வழி நேரத்தோடு கட்டப்பட்டது.

1. கர்ப்ப காலத்தில்: ரத்தத்தில் வைரஸ் எண்ணிக்கை ஒரு மி.லி.க்கு 2 லட்சம் அலகுக்கு மேல் இருந்தால், 28ஆம் வாரம் முதல் தினம் ஒரு டெனோஃபோவிர் மாத்திரை. கர்ப்பிணிகளுக்குப் பாதுகாப்பானது என்று நீண்ட அனுபவம் உள்ள மருந்து இது.

2. பிறந்து 12 மணி நேரத்துக்குள்: எச்.பி.ஐ.ஜி. என்ற தயார்நிலை எதிர்ப்புப்புரத ஊசி ஒரு தொடையில்.

3. பிறந்து 24 மணி நேரத்துக்குள்: பி வகைத் தடுப்பூசியின் முதல் தவணை மற்ற தொடையில். இது தாய்க்குத் தொற்று இருந்தாலும் இல்லாவிட்டாலும் எல்லாக் குழந்தைக்கும் உரியது.

4. 6, 10, 14ஆம் வாரங்களில்: பி வகைக்கான மருந்தும் சேர்ந்த, ஐந்து நோய்த் தடுப்பூசியான பென்டாவேலன்ட். இந்தியாவில் இது 2011 டிசம்பரில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான் முதலில் தொடங்கியது.

கிருமி ஏற்கெனவே புகுந்த பிறகு ஊசி எப்படி வேலை செய்யும் என்று கேட்பார்கள். பி வகை மெதுவாகப் பெருகும் கிருமி. பிரசவத்தில் தாயின் ரத்தம் பட்டுக் குழந்தைக்குள் போனது கல்லீரலில் வேர்பிடிப்பதற்குள், எச்.பி.ஐ.ஜி. கையோடு பிடித்து வைக்கிறது, தடுப்பூசி குழந்தையின் சொந்தப் படையைத் திரட்டுகிறது. ஒரு நாள் தாண்டினால் இந்த ஓட்டத்தில் கிருமி முந்தத் தொடங்கும். மூன்றாம் நாள் டிஸ்சார்ஜ் ஆகும்போது போட்டுக்கொள்ளலாம் என்று விடுவது அதனால்தான் தவறு.

பி வகை இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஆபரேஷன் தேவையில்லை. தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம், முதல் சீம்பால் உட்பட. தட்டு, டம்ளர், படுக்கை எதுவும் பிரிக்க வேண்டியதில்லை. பிரிக்க வேண்டியவை சவர பிளேடு, பல் துலக்கும் பிரஷ், நகவெட்டி.

தாய் வீட்டுக்குப் போகும்போது தவறும் சீட்டு

நம் பக்கத்தில் ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு முடித்துப் பெண்ணைத் தாய் வீட்டுக்கு அழைத்துப் போவார்கள். முதல் சோதனை அம்பாசமுத்திரத்தில் நடந்திருக்கும், பிரசவம் நாங்குநேரியில் நடக்கும். வளையலும் சீர்வரிசையும் போய்ச் சேரும், ரிப்போர்ட் புகுந்த வீட்டு பீரோவிலேயே கிடக்கும். சில பெண்கள் அம்மாவிடம்கூடச் சொல்வதில்லை. பிரசவம் பார்ப்பவருக்குத் தெரியாமல் போனால் எச்.பி.ஐ.ஜி. தயாராக இருக்காது. அந்த 12 மணி நேரம் கடந்துவிடும்.

தாய் சேய் நல அட்டையின் முதல் பக்கத்திலேயே முடிவை எழுதச் சொல்லி வாங்கிக்கொள்ள வேண்டும். கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது கிடைத்த பிக்மி எண்ணையும் பிரசவம் பார்க்கும் இடத்தில் கொடுக்க வேண்டும். எட்டாம் மாதமே அங்கே போய் "எச்.பி.ஐ.ஜி. இருக்கா?" என்று கேட்டு வைப்பது நல்லது. 2018 ஜூலை 28 அன்று தொடங்கிய தேசிய ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் சோதனை, மாத்திரை, இந்த ஊசி எல்லாம் அரசு மருத்துவமனையில் இலவசம். தனியாரில் ஊசிக்கு ஆயிரக்கணக்கில் ஆகும்.

மறைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வளைகுடா நாட்டு வேலைக்கு மெடிக்கல் எடுக்கும்போது பி, சி பாசிட்டிவ் வந்தால் தகுதியில்லை என்று தள்ளிவிடுவார்கள். மேலப்பாளையம் போன்ற ஊர்களில் குடும்பமே அந்தச் சம்பளத்தை நம்பி இருக்கும்போது, மனைவிக்கு வந்ததும் கணவர் சோதிக்கத் தயங்குவதைப் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் நெகட்டிவ் என்று வந்தால் தடுப்பூசி போட்டு அவர் தன்னைக் காத்துக்கொள்ளலாம். பாசிட்டிவ் என்றால் கல்லீரல் கெடுவதற்கு முன்பே கண்காணிக்கலாம். மூத்த பிள்ளைகளையும் சோதிக்க வேண்டும்.

ஏ, சி, டி

ஏ வகை கர்ப்பிணிக்கும் பெரும்பாலும் தானாக ஆறும். சிலருக்குக் குறைமாத வலி வரலாம். டி வகை பி வகையின் தோளில் ஏறி மட்டுமே வாழும், பி வகையைத் தடுத்தால் இதுவும் நின்றுவிடும். சி வகை இருக்கும் தாய்மாரில் ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்தாறு பேரின் குழந்தைக்குப் போகும். தடுப்பூசி இல்லை, கர்ப்பத்தில் மருந்தும் வழக்கமாகக் கொடுப்பதில்லை. ஆனால் பிரசவத்துக்குப் பின் 8 முதல் 12 வார மாத்திரையில் நூற்றுக்கு 95 பேருக்கு மேல் முற்றிலும் குணமாகிறார்கள். தாய்ப்பால் கொடுக்கலாம். காம்பு வெடித்து ரத்தம் வந்தால் மட்டும் ஆறும் வரை அந்தப் பக்கம் நிறுத்த வேண்டும்.

பிறந்த குழந்தை மஞ்சளாக இருந்தால்

பாசிட்டிவ் தாயின் குழந்தை மூன்றாம் நாள் மஞ்சளானால் "கிருமி வந்துட்டு" என்று வீடு கலங்கும். அது பி வகையால் அல்ல. புதிதாகப் பிறந்த குழந்தைகளில் பாதிக்கு மேல் அப்படித்தான் மஞ்சளாவார்கள். கல்லீரல் இன்னும் பழகாததுதான் காரணம். முதல் 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தாலோ, உள்ளங்கால் வரை பரவினாலோ, குழந்தை பால் குடிக்காமல் துவண்டாலோ உடனே காட்ட வேண்டும். வெயிலில் காட்டிக்கொண்டு காத்திருக்கக்கூடாது.

பிரசவத்துக்குப் பின்

பி வகைக்காக டெனோஃபோவிர் மாத்திரை சாப்பிட்ட தாய் அதைத் தானாக நிறுத்தக்கூடாது. பிரசவத்துக்குப் பின் எதிர்ப்பு முறை பழைய பலத்துக்குத் திரும்பும்போது கல்லீரல் அழற்சி சட்டெனக் கிளம்பக்கூடும். ஆறு மாதம் வரை, கல்லீரல் அழற்சியைக் காட்டும் எஸ்.ஜி.பி.டி. அளவைப் பார்த்துவர வேண்டும்.

குழந்தைக்கு 9 முதல் 12 மாதத்துக்குள் இரண்டு சோதனை. எச்.பி.எஸ்.ஏ.ஜி. நெகட்டிவாகவும், எதிர்ப்புப்புரத அளவு 10 அல்லது அதற்கு மேலும் இருந்தால் குழந்தைக்குப் பாதுகாப்பு கிடைத்துவிட்டது. எச்.பி.எஸ்.ஏ.ஜி. நெகட்டிவ், ஆனால் எதிர்ப்புப்புரதம் 10க்குக் குறைவு என்றால் தடுப்பூசியை மறுபடி போட்டுச் சோதிப்பார்கள். எச்.பி.எஸ்.ஏ.ஜி. பாசிட்டிவ் என்றால் குழந்தையைக் கல்லீரல் மருத்துவரின் கண்காணிப்பில் வைக்க வேண்டும். ஒன்பது மாதத்துக்கு முன்பே அவசரப்பட்டுச் சோதித்தால் எச்.பி.ஐ.ஜி. ஊசியின் மிச்சம் எதிர்ப்புப்புரதமாகக் காட்டி ஏமாற்றும். அந்தத் தேதியைத் தட்டம்மை ஊசி போடும் ஒன்பதாம் மாதப் பக்கத்திலேயே அட்டையில் குறித்து வைத்துக்கொள்ளலாம்.